பேஸ்மேக்கர் வைத்தவர் எப்போது மறுபடி வண்டி எடுக்கலாம்

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, கடையநல்லூர்ப் பக்கங்களில் யாருக்காவது இதயத்துக்குக் கருவி பொருத்தினால் "அவருக்குப் பேட்டரி வைத்திருக்கிறது" என்றுதான் சொல்வோம். அது துடிப்பு தவறும்போது தூண்டிவிடும் பேஸ்மேக்கரா, கோளாறான துடிப்பை மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியா என்று ஊரில் யாரும் பிரித்துக் கேட்பதில்லை. வீட்டாரிலும் பலர் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் மறுபடி வண்டி ஓட்டலாமா, எத்தனை நாள் கழித்து ஓட்டலாம், சொந்தக் கார் மட்டுமா, வாடகை வேனும் லாரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்குகிறது. என் சித்தப்பா முப்பது ஆண்டுகள் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே வேன் ஓட்டியவர். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது, கையில் கொடுத்தனுப்பிய நான்கு பக்கச் சுருக்கத்தில் உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரிக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் மருத்துவரிடம் எதை, எப்படி, எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று சொல்லவே முயல்கிறேன்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது

வண்டி ஓட்டும் தகுதியைத் தீர்மானிப்பது நோயின் பெயர் அன்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது திடீரென்று நினைவு தப்புவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இதயக் குழாய் அடைப்புக்கு மூன்று ஸ்டென்ட் வைத்த ஒருவர் தாராளமாக ஓட்டத் தகுதியுடையவராக இருக்கலாம், எக்கோவிலும் ஈ.சி.ஜி.யிலும் பெரிதாக எதுவும் தெரியாத, ஆனால் காரணம் புலப்படாமல் இரண்டு முறை சுருண்டு விழுந்த ஒருவர் சாவியைத் தொடவே கூடாதவராக இருக்கலாம். ஆகவே மருத்துவர் முன் உட்காரும்போது முதலில் சொல்ல வேண்டியது, நினைவு தப்பியதா, தப்பப் பார்த்ததா, அல்லது அப்படி எதுவுமே நடக்கவில்லையா என்பதைத்தான்.

இங்கே எல்லைப்புறத்தாருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் தலைசுற்றலும் மயக்கம்தான், கண் இருட்டுவதும் மயக்கம்தான், நினைவின்றிக் கீழே விழுவதும் மயக்கம்தான். மலையாளத்தில் அதே சொல் பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தையும் அரைத் தூக்கத்தையும் குறிக்கும். சித்தப்பா "ரெண்டு தடவை மயக்கம் வந்திச்சு டாக்டர்" என்று சொன்னதை ஓர் இளம் மலையாள மருத்துவர் மாத்திரையால் வந்த அசதி என்று எடுத்துக்கொண்டு, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்து அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை சித்தப்பா வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போது தேன்மலையில் விழுந்தார். ஐந்து நிமிடம் முன்னால் விழுந்திருந்தால் வேனில் பதினோரு பேர் இருந்தார்கள். எனவே அந்தச் சொல்லையே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தபோதா, நின்றிருந்தபோதா, முன்கூட்டியே வியர்வை, குமட்டல், கண் மங்கல் ஏதேனும் தெரிந்ததா, அல்லது விளக்கை அணைத்ததுபோல் ஆனதா, எத்தனை நொடி, விழுந்ததில் அடிபட்டதா, பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தலைசுற்றலுக்குத் "தல கறங்ஙி" என்றும், நினைவு போனதற்குப் "போதம் போயி" என்றும் சொன்னால் மலையாள மருத்துவருக்கு வேறுபாடு உடனே விளங்கும். பார்த்தவரைக் கையோடு அழைத்துச் செல்வது இன்னும் நல்லது, ஏனென்றால் நினைவு தப்பியவருக்குத் தாம் நினைவு தப்பியதே பல சமயம் தெரியாது.

வெயிலிலோ கோயில் கூட்டத்திலோ நெடுநேரம் நின்று, முன்னறிகுறியோடு வருகிற மயக்கம் பெரும்பாலும் நரம்பின் எதிர்வினையால் வருவது; வண்டி ஓட்டுவதைப் பொறுத்தவரை அது அவ்வளவு கவலைக்குரியதன்று. உட்கார்ந்த நிலையில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வருவதுதான் ஆபத்தானது. அதற்குக் காரணம் கண்டுபிடித்து முடிக்கும் வரை மொபெட் உட்பட எதையும் ஓட்டக் கூடாது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலோ, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலோ, பேஸ்மேக்கர் வைத்தால் இத்தனை வாரம், பைபாஸ் செய்தால் இத்தனை வாரம் என்ற கணக்குக் கிடையாது. அதனால் தடையே இல்லை என்று பொருள் கொள்வது தவறு. உரிமத்துக்கும் புதுப்பித்தலுக்கும் கொடுக்கிற படிவம் 1 என்னும் சுய உறுதிமொழியில், வலிப்பு நோயோ, எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ உண்டா என்பது ஒரு கேள்வி. நீங்கள் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா என்பது இன்னொரு கேள்வி. சேவை மையத்தில் படிவத்தை நிரப்புகிறவர் நம்மைக் கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குத்திவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டுவார். அந்த இரண்டு வரிகளையாவது நீங்களே படித்துப் பாருங்கள். ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ பெற்ற உரிமத்தைப் பறிக்கச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருகிறது. நோயின் காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், உரிமத்தை எந்த நேரத்திலும் ரத்து செய்யவோ, மருத்துவச் சான்று கொண்டுவரச் சொல்லவோ 16ஆம் பிரிவு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. மற்றவருக்கு ஆபத்தாகும் வகையில் உடலோ மனமோ தகுதியற்றிருப்பது தெரிந்தே ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 186ஆம் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 2,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தொகை சிறியதுதான், விபத்து நடந்தபின் அந்த வழக்கு எங்கெல்லாம் இழுக்கும் என்பது வேறு கதை.

40 வயதைக் கடந்தவர்களும், எந்த வயதிலும் வாடகை, சரக்கு வாகனம் ஓட்டுகிறவர்களும் படிவம் 1அ என்னும் மருத்துவச் சான்றைப் பதிவுபெற்ற மருத்துவரிடம் வாங்க வேண்டும். திருத்தப்பட்ட விதிப்படி 55 வயதுக்கு மேல் உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. சரக்கு, பயணி வாகன உரிமமும் 5 ஆண்டுகளுக்கே செல்லும். காலாவதி தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். ஆனால் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக நேரும். அறுவைச் சிகிச்சை, ஓய்வு, ஊர் மாறித் தங்குவது என்று நாள் ஓடிவிடுவதால் இதய நோயாளிகள் பலர் இந்த ஓராண்டைத் தவறவிடுகிறார்கள்.

எத்தனை வாரம் என்று யாரைக் கேட்பது

நம் சட்டத்தில் இல்லாத வாரக் கணக்கை நம்மூர் இதய மருத்துவர்கள் பெரும்பாலும் தங்கள் அனுபவத்திலிருந்தும் பிற நாட்டு வழிகாட்டிகளிலிருந்தும்தான் சொல்கிறார்கள். பிரிட்டனில் உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ. வைத்திருக்கிற கணக்கு இவற்றில் தெளிவானது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் மருத்துவரிடம் பேசத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும். அங்கே பேஸ்மேக்கர் பொருத்தியவர் சொந்தக் காரையும் மோட்டார் சைக்கிளையும் 1 வாரம் ஓட்டக் கூடாது. லாரியும் பேருந்தும் என்றால் 6 வாரம். மாரடைப்புக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் நன்றாக அமர்ந்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தை வெளியேற்றும் திறன், அதாவது பம்பிங், 40 சதவீதத்துக்குக் குறையாமல், அடுத்த 4 வாரத்துக்குள் வேறு சிகிச்சை திட்டமிடாமலும் இருந்தால் காருக்கு 1 வாரம். இல்லையென்றால் 4 வாரம். பைபாஸுக்குப் பின் காருக்கு 4 வாரம். லாரி, பேருந்து ஓட்டுநர் மாரடைப்புக்குப் பின் குறைந்தது 6 வாரம் காத்திருந்து, டிரெட்மில் பரிசோதனையில் 9 நிமிடம் தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும். ஓய்வாக இருக்கும்போதோ ஓட்டும்போதோ நெஞ்சுவலி வருகிறவர், அது கட்டுக்குள் வரும் வரை ஓட்டவே கூடாது.

பேஸ்மேக்கருக்கு ஒரே வாரம் போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இதயத்தின் மின்தடத்தில் ஏற்பட்ட அடைப்பால் துடிப்பு நின்று நின்று போனதுதான் நினைவு தப்பியதற்குக் காரணம் என்றால், பேஸ்மேக்கர் அந்தக் காரணத்தையே நீக்கிவிடுகிறது. துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் அது உடனே தட்டிக் கொடுக்கும். நினைவு தப்ப நேரமே வராது. முதல் சில நாள்களில் கருவியிலிருந்து இதயத்துக்குள் போன கம்பி இடம் நழுவுகிற வாய்ப்பு இருப்பதாலும், புண் ஆற வேண்டியிருப்பதாலும்தான் அந்த ஒரு வாரம்.

ஐ.சி.டி. இதற்கு நேர்மாறானது. அது கோளாறான துடிப்பை வரவிடாமல் தடுப்பதில்லை. வந்த பிறகு கண்டுபிடித்து, மின்னேற்றம் செய்துகொண்டு, அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்கிறது. அதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்குள் நினைவு போகலாம். நினைவோடு இருந்தாலும் நெஞ்சில் உதைத்ததுபோல் விழும் அதிர்ச்சியில் ஸ்டியரிங் கையை விட்டுப் போகலாம். புளியரை எஸ் வளைவில் அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளமானவை என்பது அங்கே ஓட்டிப் பழகியவருக்குத் தெரியும். ஆகவே பிரிட்டனில், முன்னெச்சரிக்கையாக மட்டும் ஐ.சி.டி. வைத்தவர் 1 மாதமும், ஏற்கெனவே ஒரு முறை நினைவு தப்பி உயிர் பிழைத்து வைத்துக்கொண்டவர் 6 மாதமும் கார் ஓட்டக் கூடாது. கருவி அதிர்ச்சி கொடுத்தால் பொதுவாக மறுபடி 6 மாதம். லாரி, பேருந்துக்கோ ஐ.சி.டி. இருக்கும் வரை நிரந்தரத் தடை. உங்களுக்கு வைத்திருப்பது எந்தப் "பேட்டரி" என்பதை மருத்துவமனை கொடுத்த கருவி அட்டையில் பார்த்து இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

காருக்கும் லாரிக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று சித்தப்பா கோபப்பட்டுக் கேட்டார். "கையும் காலும் அதே மனுஷனுக்குத்தானே இருக்கு?" என்றார். கனடாவின் இதய மருத்துவர் சங்கம் 1992இல் முன்வைத்த ஒரு கணக்கு இதற்கு விடை சொல்கிறது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறார், எந்த வண்டி, ஓராண்டில் திடீரென இதயம் அவரைச் செயலிழக்கச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு, அப்படி ஆனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ சேதம் வரும் வாய்ப்பு எவ்வளவு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். கடைசி எண்ணை 2 சதவீதம் என்றும், கனரக வண்டிக்கு 1 என்றும், காருக்கு 0.28 என்றும் எடுத்துக்கொண்டு, பெருக்கி வருவது ஆண்டுக்கு 20,000இல் 1க்குள் இருந்தால் சமூகம் ஏற்கலாம் என்று வைத்தார்கள். நாளில் கால்வாசி, அதாவது 6 மணி நேரம், லாரி ஓட்டுகிறவர் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் அவருடைய ஆண்டு ஆபத்து 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் சொந்தக் கார் ஓட்டுகிறவருக்கோ 22 சதவீதம் வரை அதே எல்லைக்குள் அடங்குகிறது. மனிதர் ஒருவரே, அவர் பின்னால் தொங்குகிற எடையும், சாலையில் இருக்கிற நேரமும்தான் வேறு. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் சித்தப்பா வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜைப் புதுப்பிக்கும் பேச்சை விட்டார். நம் ஊர்களில் கார் உரிமத்தோடு பள்ளி வேன், மலைக்குப் போகிற வாடகை வண்டி, தக்காளி ஏற்றுகிற மினிலாரி ஆகியவற்றை ஓட்டுகிறவர்கள், தங்களைக் காரோட்டிகளோடு அல்லாமல் லாரி ஓட்டுநர்களோடு சேர்த்து எண்ணிக்கொள்வதே நியாயம்.

கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

மருத்துவரிடம் "வண்டி ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டால் "பார்த்து ஓட்டுங்க" என்ற பதில்தான் கிடைக்கும், அது பதிலே அன்று. என்ன வண்டி, நாளில் எத்தனை மணி நேரம், மலைப்பாதை உண்டா, இரவு ஓட்டம் உண்டா, பின்னால் ஆள்கள் ஏறுகிறார்களா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். என் நினைவு தப்பியதற்கு உறுதியான காரணம் கண்டுபிடிக்கப்பட்டதா, இந்தச் சிகிச்சை அந்தக் காரணத்தைத் தீர்க்கிறதா, மறுபடி வர எவ்வளவு வாய்ப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்த வகை வண்டியை ஓட்டலாம், எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். விடையை மருத்துவமனைத் தாளில், தேதியும் மருத்துவரின் பதிவெண்ணும் போட்டு எழுதி வாங்குங்கள்.

படிவம் 1அ கொடுக்கிற மருத்துவர் பெரும்பாலும் உங்கள் இதய மருத்துவராக இருக்க மாட்டார். தென்காசியிலோ செங்கோட்டையிலோ உங்களை முதன்முறையாகப் பார்க்கிற ஒருவராக இருப்பார். அவரிடம் அந்தக் கடிதத்தையும், கருவி அட்டையின் நகலையும், கடைசி எக்கோ அறிக்கையையும் காட்டாமல் சான்று வாங்குவது அவரையும் சேர்த்து மாட்டிவிடுவதாகும். திருவனந்தபுரத்தில் சிகிச்சை, தமிழ்நாட்டில் உரிமம் என்பதால் எந்தச் சிக்கலும் வராது. பதிவுபெற்ற மருத்துவர் எந்த மாநிலத்தவரானாலும் அவருடைய கடிதம் கடிதமே. அது ஆங்கிலத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுதிய குறிப்பை இங்கே அலுவலகத்தில் யாராலும் படிக்க முடியாது.

இடது தோளும் இடது கையும்

பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் அவருடைய சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்குகிறது. கருவியின் மேல் அது படுவதில்லை. ஆனால் ஓட்டாமல் முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்து போகும்போது பெல்ட் நேராகக் கருவியின் மேல்தான் விழும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் பயணத்திலேயே இது உறுத்தும். அதற்காகப் பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள். மெல்லிய துண்டையோ பஞ்சுறையையோ மடித்து இடையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது பின்னிருக்கையில் வலப்பக்கம் உட்காரலாம். பைபாஸ் செய்தவருக்கும் இதே துண்டு உதவும். பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரமும் சிலருக்கு அதற்கு மேலும் ஆவதால், அதற்குமுன் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவதே வலிக்கும்.

பெல்ட்டில் கிடைத்த அனுகூலம் கியரில் போய்விடுகிறது. நம் வண்டிகளில் கியர் இடது கையில். புதிதாக வைத்த கம்பி இதயச் சுவரில் பதிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதையும், 4, 5 கிலோவுக்கு மேல் சுமப்பதையும், வெடுக்கென்று இழுப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். புதிய காரின் கியரால் பெரிய தொல்லையில்லை. பழைய ஜீப்பின் இறுகிய கியர், கையால் இழுத்துக் கிளப்பும் ஆட்டோ, மெயின் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டிய கனமான மோட்டார் சைக்கிள், மேலே கையை நீட்டிக் கட்ட வேண்டிய தார்ப்பாய் ஆகியவைதான் தொல்லை. கம்பி நழுவிவிடுமென்று கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு; தோள் இறுகிவிடும், மெல்ல அசைக்க வேண்டும்.

ஓடுகிற எஞ்சினின் மேல் குனிந்து மார்பை வைக்காதீர்கள். பற்றவைப்புச் சுருளிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் ஓர் அடியாவது விலகி நிற்க வேண்டும். கைப்பேசியைச் சட்டையின் இடது பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். டேஷ்போர்டில் கைப்பேசியைக் காந்தத்தால் ஒட்டி வைக்கும் தாங்கியை மார்புக்கருகில் கொண்டுவரக் கூடாது. மின்சாரக் காருக்குப் பயப்படத் தேவையில்லை என்றே இதுவரையான ஆய்வுகள் காட்டுகின்றன. இதயக் கருவி வைத்த 108 பேரை ஜெர்மனியில் நான்கு மின்சாரக் கார்களில் உட்காரவைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் எந்தக் குறுக்கீடும் காணப்படவில்லை. பின்னர் விரைவு மின்னேற்றி நிலையங்களில் 130 பேரை வைத்து 561 முறை மின்னேற்றிப் பார்த்ததிலும் கருவிகள் தடுமாறவில்லை. சார்ஜ் ஏறும்போது வயரின் மேல் சாய்ந்து நிற்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, மலைப்பாதைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது. பல பேஸ்மேக்கர்களில் உடல் அசைவை உணர்ந்து, நடக்கும்போது துடிப்பைக் கூட்டுகிற உணர்கருவி உண்டு. குண்டும் குழியுமான சாலையில் ஜீப் குலுங்கும்போது நாம் நடப்பதாக நினைத்து அது துடிப்பைக் கூட்டிவிடலாம். ஆபத்தில்லை, ஆனால் காரணம் தெரியாவிட்டால் படபடப்பு பயமாகிவிடும். தொல்லையாக இருந்தால் மருத்துவர் கருவியை மறுபடி அமைத்துக் கொடுப்பார்.

மாத்திரைகளும் மலைப்பாதையும்

புதிய மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலோ, அளவு மாற்றிய வாரத்திலோ மலையேற வேண்டாம்; எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது அப்போதுதான் அதிகம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணத்துக்காக அதைத் தாங்களே நிறுத்திக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நிறுத்தாதீர்கள். அமியோடரோன் சாப்பிடுகிற சிலருக்கு இரவில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவார்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பெயர் சொல்லும் சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டதிலிருந்து பலருடைய நெஞ்சில் துடித்துக்கொண்டிருக்கிறது. வார்ஃபரின் மாத்திரை ஓட்டுவதைத் தடுக்காது. விபத்தில் சிறு காயமும் நிற்காமல் ஒழுகும் என்பதால், மருந்துச் சீட்டு பணப்பையில் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது.

அனுமதி கிடைத்த முதல் வாரத்தில் உடன் ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, தென்காசி, குற்றாலம் என்று சமவெளியில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கோட்டைவாசல் ஏற்றத்தையும் ஆரியங்காவு இறக்கத்தையும் அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழியாகத் திருவனந்தபுரம் போகிற காட்டுச் சாலையைப் பரிசோதனைக்குப் போகிற நாளில் நீங்களே ஓட்ட வேண்டாம். வெறும் வயிறு, இரத்தப் பரிசோதனை, வரிசையில் காத்திருந்த களைப்பு எல்லாம் சேர்ந்து திரும்பும்போதுதான் தாக்கும். கார்த்திகை பிறந்து மண்டல காலம் தொடங்கினால் இந்தப் பாதையில் இரவெல்லாம் வண்டிகள் மோதுவதுபோல் வரும். விரதமிருந்து, தூங்காமல், பம்பை வரை போய் அதே இரவில் திரும்புகிற வாடகை ஓட்டம் இதயத்தில் கோளாறு இல்லாதவருக்கே கெடுதி.

ஓட்டும்போது நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல், படபடப்போடு வியர்வை, கருவியிலிருந்து உதை ஆகியவற்றில் எது வந்தாலும் "அடுத்த வளைவு தாண்டி நிறுத்திக்கொள்ளலாம்" என்று எண்ணக் கூடாது. இடது இண்டிகேட்டரைப் போட்டு, மலைச்சுவர்ப் பக்கமோ சாலையோரமோ ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு எஞ்சினை அணையுங்கள்; நான்கு விளக்கையும் எரியவிடுங்கள். நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை உட்கார்ந்தபடி மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். அது இரத்த அழுத்தத்தை இறக்குவதால், வலி நின்றுவிட்டது என்று மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள். எல்லையில் கைப்பேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எடுத்தவுடன் எந்த மாநிலம், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு நோயைச் சொல்லுங்கள். கைப்பிரேக் எங்கே இருக்கிறது, எஞ்சினை எப்படி அணைப்பது என்பதை எப்போதும் உடன் வருகிற மனைவிக்கோ மகளுக்கோ ஒரு முறை செய்து காட்டி வையுங்கள். சித்தி இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் ஆயிற்று.

பேஸ்மேக்கரின் மின்கலம் ஏறத்தாழ 8 முதல் 12 ஆண்டு உழைக்கும். ஒரு நாள் காலையில் அது சட்டென்று நின்றுவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை செய்கிற பரிசோதனையில், மாற்ற வேண்டிய நேரம் நெருங்குவதை மாதங்களுக்கு முன்பே கருவி காட்டிவிடும். அந்தத் தேதிகளை வண்டியின் இன்ஷூரன்ஸ், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுத் தேதிகள் எழுதியிருக்கிற அதே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கருவியை மாற்றினால் மறுபடி ஒரு வாரம் சாவியை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கம்பியையும் சேர்த்து மாற்றினால், இடது கைக்குச் சொன்ன அந்த 4 முதல் 6 வாரக் கட்டுப்பாடு முதலிலிருந்து தொடங்கும். சித்தப்பாவின் நாள்காட்டியில் அந்தப் பக்கத்தில் இப்போது வேனின் எஃப்.சி. இல்லை, காரின் இன்ஷூரன்ஸும் பேஸ்மேக்கர் பரிசோதனையும் மட்டும் இருக்கின்றன.